கேட்டில் முகம் காட்டணுமாம், யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. எங்க அடுக்குமாடியில் வர்ற மாசத்திலிருந்து கேட்டில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்குமாம். அதுக்கு முகப்படம், ஆதார் நகல் ரெண்டும் தரணும். எங்களுக்கு மட்டுமில்லை, வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கும்.

ஒன்பது வருஷமா எங்க வீட்டில் வேலை செய்யற அக்கா நேத்து ஆதார் அட்டையை முந்தானையில் முடிஞ்சு கொண்டு வந்து, "இதைக் கொடுத்தா ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. மாட்டேன்னு நான் சொல்லலாம், அவங்க சொன்னா வேலை போயிடும். அதுதான் மனசை அறுக்குது.

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2018 செப்டம்பர் தீர்ப்பில், ஒப்பந்தத்தின் பேரில் தனியார் ஆதாரைக் கேட்க இடம் தந்த பகுதியையும் ரத்து பண்ணிடுச்சு. இதைச் சொன்னா சங்கச் செயலாளர், "பாதுகாப்பு முக்கியமில்லையா?"ங்கறார். முக்கியம்தான் சார். ஆனா அந்தப் படங்கள் எந்த கம்பெனி சர்வரில், எத்தனை வருஷம் இருக்கும்னு கேட்டா பதிலே இல்லை.

கடைசி நாலு எண் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை உங்க சங்கத்தில் ஏத்துக்கிட்டாங்களா? முகத்துக்குப் பதிலா சாதாரண கார்டு வாங்கினவங்க இருக்கீங்களா? சங்கத்துக்குத் தமிழில் எழுதின கடிதம் இருந்தா தயவுசெய்து இங்கே போடுங்க. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கு.