தூத்துக்குடி முத்துநகர் கடற்கரை: அம்மாவை அழைத்துப் போக விவரம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே, அடுத்த ஞாயிறு அம்மாவோடு தூத்துக்குடி வருகிறேன். அவருக்கு மூட்டு வலி, அதிகம் நடக்க முடியாது. திருச்செந்தூர் கூட்டமெல்லாம் வேண்டாம், சும்மா ஒரு மணி நேரம் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்கிறார்.

அதனால் முத்துநகர் கடற்கரைதான் சரி என்று நினைக்கிறேன். மன்னார் வளைகுடாவில் பெரிய அலை கிடையாது, ஒருபக்கம் உப்பளம், துறைமுகம், 1979லிருந்து ஓடும் அனல்மின் நிலையம் என்று இருந்தாலும் எனக்கு அந்தக் கடல் ரொம்பப் பிடிக்கும். வண்டியை மணலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாமா? நிழலில் உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் இருக்கிறதா? அப்புறம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாலை வழியாகவே போகக்கூடிய முயல் தீவுக்கு ஞாயிற்றுக்கிழமை காரில் போக விடுவார்களா? சூரிய உதயம் பார்க்க அம்மாவுக்கு ரொம்ப ஆசை. சமீபத்தில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.