பீச்சோ என்றால் பூச்சியா, பூனையா?

மாட்ரிட்டிலிருந்து:

ஸ்பானிஷ் வகுப்பில் 'பீச்சோ' என்றால் பூச்சி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சரி, ஒரு சொல் தேறியது என்று நினைத்தேன். அந்த வாரமே எதிர்வீட்டுப் பாட்டி கையில் ஒரு கூடையோடு லிஃப்டில் ஏறினார். "பீச்சோவை டாக்டரிடம் கொண்டுபோகிறேன்" என்றார். பூச்சிக்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்களா? எட்டிப் பார்த்தால் கூடையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு கிழட்டுச் சாம்பல் பூனை என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

விலங்கைக் குறிக்கும் லத்தீன் 'பெஸ்தியா'வின் வழியில் வந்த சொல் இது. அதனால் கொசுவும் பீச்சோ, சண்டைக்கு விடும் காளையும் பீச்சோ. 2009 முதல் 2018 வரை ரியல் மாட்ரிட்டில் ஆடிய கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கும் 'எல் பீச்சோ' என்றுதான் பட்டப்பெயர். அங்கே போய் 'பூச்சி' என்று பொருள் சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். 'அசுரன்' என்று வைத்துக்கொள்ளலாம். காரணமில்லாமல் எரிந்து விழுபவரிடம் "எந்தப் பீச்சோ கடித்தது உன்னை?" என்று கேட்பார்கள். நாம் "என்ன பேய் பிடிச்சுது?" என்போமே, அதுதான்.

2020-இல் கொரோனாவும் பீச்சோ ஆனது. "அவருக்குப் பீச்சோ வந்துவிட்டது" என்று மாடிப்படியில் கிசுகிசுப்பார்கள். பாட்டிக்கு மட்டும் அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. 1981-இல் ஸ்பெயினில் ஒரு மர்ம நோய் பரவியபோது, சுகாதாரத் துறையைக் கவனித்த அமைச்சர், இது ஒரு குட்டிப் பீச்சோவின் வேலை, மேசையிலிருந்து விழுந்தாலே செத்துவிடும் அளவுக்குச் சின்னது என்று பேசிவிட்டார். கடைசியில் பார்த்தால் கிருமியே இல்லை. தொழிற்சாலைக்கென்று அனிலின் என்ற ரசாயனம் கலந்து வைத்திருந்த கடுகு இனத்து எண்ணெயைச் சமையல் எண்ணெய் என்று விற்றிருக்கிறார்கள். 20,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். "பீச்சோ என்று எவன் சொன்னாலும் முதலில் எண்ணெய் பாட்டிலைப் பார்" என்பார் பாட்டி.

சான் ஹுவானிலிருந்து:

நானும் இதே மாட்ரிட் ஸ்பானிஷை நம்பித்தான் புவேர்த்தோ ரிக்கோ வந்து இறங்கினேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாடு. பத்துப் பேர் இருந்த மேசையில் என் பேன்ட் காலுக்குள் ஏதோ ஊர்ந்தது. துள்ளி எழுந்து, "என் பேன்ட்டுக்குள்ளே ஒரு பீச்சோ இருக்கிறது!" என்று கத்தினேன்.

ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு கணக்குப் பிரிவு அம்மா ஒருவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இருக்கத்தானே செய்யும், தம்பி" என்றார்.

இந்தத் தீவில் அது ஆணுறுப்பைக் குறிக்கும் கெட்ட வார்த்தை. 'இன்செக்தோ' என்று சொல்லிப் பழகு என்று அந்த அம்மாவே பிறகு தனியாகச் சொல்லிக்கொடுத்தார். ஊர்ந்தது வெறும் எறும்பு. நான்கு வருடமாகியும் அலுவலகத்தில் யாராவது எறும்பைப் பார்த்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பார்சிலோனாவிலிருந்து:

எனக்கு நேர்ந்தது அவ்வளவு மோசமில்லை. எல் சால்வடோரிலிருந்து வந்த நண்பர், "வீட்டில் மூன்று பீச்சோ, ராத்திரி தூங்கவே விடுவதில்லை" என்று அலுத்துக்கொண்டார். மூட்டைப்பூச்சி மருந்து ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னது தன் பிள்ளைகளை. அவர்கள் ஊரில் பையன் பீச்சோ, பெண் பீச்சா. நம் வாண்டு, பொடிசு மாதிரி. மருந்துச் சீட்டை அவர் மனைவி குளிர்பெட்டி மேல் ஒட்டிவைத்திருக்கிறார்.

புவெனோஸ் ஐரெஸிலிருந்து ஒரு வரி: இங்கே மின்மினிக்கு 'பீச்சீத்தோ தே லூஸ்', அதாவது வெளிச்சக் குட்டிப்பூச்சி. பூந்தொட்டிக்கு அடியில் ஈரத்தில் கிடந்து, தொட்டால் குண்டுமணியாய் உருண்டுகொள்ளுமே, அது 'பீச்சோ போலீத்தா'.

செவில்யாவிலிருந்து:

எல்லாரும் பீச்சோவைச் சொன்னீர்கள், 'பீச்சா'வைப் பெண் குழந்தையோடு விட்டுவிட்டீர்கள். மாட்ரிட் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காளை உடம்பும் தாடி வைத்த மனிதத் தலையுமாக ஒரு கற்சிலை இருக்கிறது, 'பலசோத்தே பீச்சா' என்று பெயர். ஆனால் எங்கள் அந்தலுசியப் பக்கம் பீச்சா என்றால் வேறு.

ஊருக்கு வெளியே மலைப்பக்கம் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கல்சுவர் இடுக்கில் சட்டை உரித்துக் கிடந்ததைப் பார்த்து, வீட்டுக்காரம்மாவிடம் "குலேப்ரா!" என்றேன். பாம்புதான். அந்த அம்மா சட்டென்று கதவுக் கட்டையைத் தட்டி, "லகார்த்தோ, லகார்த்தோ" என்று பல்லி இனத்துப் பெயரை இரண்டு தடவை முணுமுணுத்தார். அந்தப் பெயரைச் சொன்னாலே கெடுதல், பீச்சா என்று சொல் என்றார். பேசக்கூடாத விஷயத்தை ஒருவர் பேச்சில் இழுத்தாலும் 'பீச்சாவைச் சொல்லிவிட்டான்' என்பார்களாம்.

எனக்கு அப்பத்தா நினைவு வந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் பாம்பு என்று சொல்லக் கூடாது. "கொல்லையிலே பூச்சி போகுது, செருப்பு போட்டுக்கிட்டுப் போ" என்றுதான் சொல்லும். இதைச் சொன்னதும் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு மூன்று தடவை "பூச்சி, பூச்சி" என்று சொல்லிப் பார்த்தார்.

"சரி, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

பீச்சோ என்றேன்.