நூலக வைஃபை: போன தடவை நான் செய்த தப்பும், இந்தத் தடவை என் யோசனையும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் நூலகத்துக்கும் மாலை வகுப்புக் கட்டடத்துக்கும் புதிதாக வாங்கப்போகும் இரண்டு ஆக்சஸ் பாயிண்டுகளை, அதாவது வைஃபை பரப்பும் பெட்டிகளைப் பற்றிச் சிங்கப்பூர் அண்ணனும் மஸ்கட் தம்பியும் மாறி மாறி எழுதியதைப் படித்தேன். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் ஆகாது என்கிறார் அண்ணன். நாலைந்து பெட்டிக்கு அது வீண் செலவு என்கிறார் தம்பி. நான் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது நூலகத்தில் ஒன்றும் மாலை வகுப்புக் கட்டடத்தில் மாடிக்கும் கீழுக்குமாக இரண்டும் மாட்டினேன் அல்லவா? அவற்றுக்கான கன்ட்ரோலர் மென்பொருளை என் லேப்டாப்பில் போட்டு, அங்கிருந்தே மூன்றையும் அமைத்தேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது, எனக்கே பெருமை. அப்புறம் அந்த லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு தோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் போன கதைதான்.

பெட்டிகள் நின்றுபோகவில்லை. கன்ட்ரோலர் கண்ணில் படாவிட்டாலும், கடைசியாகக் கிடைத்த அமைப்பை வைத்துக்கொண்டு அவை பாட்டுக்கு ஓடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்ற ஊரில் ஒருவராலும் முடியவில்லை. கன்ட்ரோலரில் சேர்ந்த பெட்டி வேறு யாரையும் கை வைக்க விடாது. தெருவில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு தெரிந்துபோய், பிள்ளைகளுக்குப் பாட வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. கடைசியில் நூலகர் அக்கா ஏணி வைத்து ஏறி, ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்தி, நான் வீடியோ காலில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்தார்.

அதிலும் கோளாறு வந்தது. மூன்று தடவை ஒரே வைஃபை பெயரைத் தட்டும்போது ஒன்றில் மட்டும் முதலெழுத்து சின்ன எழுத்தாகிவிட்டது. போனுக்கு அது வேறு வைஃபை. மாடிப் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒரே 6ஆம் சேனலில், அதாவது ஒரே அலைப் பாதையில் போய் உட்கார்ந்தன. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நூலகத்துக்கு 1, கீழே 6, மாடிக்கு 11 என்று பிறகு கையால் பிரித்தோம்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை: நடந்துகொண்டே போனில் பேசினால் பேச்சு அறுபடாமல் இருக்கக் கன்ட்ரோலர் வேண்டும் என்கிறீர்கள். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். கன்ட்ரோலர் பக்கத்திலிருந்து ஜாடை காட்டும், அவ்வளவே. பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் தனிப் பெட்டிகளுக்கு நடுவிலும் போன் தாவும், ஒரு கணம் குரல் விட்டு வரலாம். நம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறவர்கள். அந்தக் காரணத்துக்காகக் காசு போட வேண்டாம்.

தம்பிக்கும் ஒன்று: வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டர்களை மாட்டலாம் என்றீர்களே, அவற்றில் டிஹெச்சிபியை (ஒவ்வொரு போனுக்கும் வலை முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்த மறந்தால் ஒரே வலையில் இரண்டு பேர் முகவரி வழங்குவார்கள். பாதிப் போனில் நெட் வரும், பாதியில் வராது, காரணம் கண்டுபிடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

என் கணக்கு இது. பெட்டி எத்தனை என்பதை விட, நாம் யாரும் ஊரில் இல்லாதபோது யார் தொடுவார்கள் என்பதுதான் கேள்வி. அக்காவை மறுபடி ஏணி ஏற்ற எனக்கு மனமில்லை. அதனால் நூலகம், வகுப்புக் கட்டடம் இரண்டிலும், புதிய இரண்டோடு சேர்த்து, இருக்கப்போகும் ஐந்து பெட்டிகளுக்கும் உள்ளங்கை அளவுள்ள ஒரு கன்ட்ரோலர் பெட்டியை வாங்கி நூலக அலமாரியிலேயே வைத்துவிடுவோம். வெளியூரிலிருந்தும் அதை இணையம் வழியாகத் தொட உதவும் கிளவுட் கணக்கு நம் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும், என் பெயரில் வேண்டாம். பாஸ்வேர்டை ஒரு இடத்தில் மாற்றினால் ஐந்திலும் மாறும். பிஓஇ சுவிட்ச் (நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பெட்டி), கன்ட்ரோலர், பைபர் மோடம் மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தால், மின்சாரம் போனாலும் கூரையில் உள்ள பெட்டிகளுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. நம் இரண்டு கட்டடங்களுக்கும் அது தாராளம். கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த கேபிளுக்கு மட்டும் இடி தாங்கி போட மறக்க வேண்டாம்.

கன்ட்ரோலரில் சேர்க்கும்போது பெட்டியில் முன்பு தனியாகப் போட்ட அமைப்பு அழிந்து, கன்ட்ரோலர் சொல்வதுதான் நிற்கும். அதனால் இப்போது இருப்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கல்யாண மண்டபத்தை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே உள்ள வைஃபை பெட்டிக்குத் தனி இணைய இணைப்பு, அதனால் நூலகத்துக் கன்ட்ரோலரின் கண்ணில் அது தானாகப் படாது. தவிர, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மேலாளர் தன் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறார். தனியாக இருப்பதுதான் அவருக்கு வசதி.

ஆடித் திருவிழாவுக்கு யார் போகிறீர்கள்? பழைய மூன்று பெட்டிகளின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாடல் எண்ணும் வெர்ஷனும் தெரிந்தால்தான் எந்தக் கன்ட்ரோலர் அவற்றை ஏற்கும் என்று பார்த்துப் பொருளாளர் சித்தப்பாவுக்கு விலை சொல்ல முடியும்.