விமானப்படைப் பராமரிப்பு அதிகாரி: மேலே போகப் போக என்ன வேலை?

இசிப்பிங்கோ மாமா
வணக்கம். அக்கா மகள் டர்பனில் மெக்கானிக்கல் படிப்பை முடிக்கப் போகிறாள். தென்னாப்பிரிக்க விமானப்படையில் சேர ஆசை. பைலட்டாக இல்லை, பராமரிப்புப் பிரிவில் அதிகாரியாக. சென்னைச் சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோவில் குரூப் கேப்டன், ஏர் மார்ஷல் என்கிறார்கள். இங்கேயும் அப்படித்தானா? ஸ்பேனர் பிடிக்கும் டெக்னீஷியனுக்கும் அதிகாரிக்கும் என்ன வித்தியாசம்? கர்னல் அளவுக்கு உயர்ந்தவர் உண்மையில் எதைத்தான் பார்க்கிறார்?

ஹேங்கர் 7
முதலில் வீடியோவை ஒதுக்குங்கள் ஐயா. அது இந்தியக் கணக்கு: நாக்பூரில் பராமரிப்புக் கமாண்ட், பெங்களூரு ஜாலஹள்ளியில் தொழில்நுட்பக் கல்லூரி, நம் சூலூரில் 5ஆம் எண் பழுதுபார்ப்புப் பணிமனை. இங்கே விமானப்படையிலும் தரைப்படைப் பதவிப் பெயர்கள்தான்: லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர் ஜெனரல்.

நுழைவு பெரும்பாலும் இரண்டாண்டு ராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டம் வழியாக. வயது 18 முதல் 22, பட்டதாரிக்கு 26 வரை. குடியுரிமையும் குற்றப் பதிவு இல்லாமையும் கட்டாயம். டெக்னீஷியன்களுக்கான தொழிற்பயிற்சி பிரிட்டோரியா பக்கம் 68ஆம் எண் ஏர் ஸ்கூலில். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் எந்தப் படிப்பு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

வித்தியாசம் கையெழுத்தில் இருக்கிறது. டெக்னீஷியன் தான் செய்த வேலைக்குக் கையெழுத்திடுகிறார். விமானத்தைத் திருப்பும் கன்ட்ரோல் கேபிளையோ ராடையோ (கம்பியையோ) கழற்றி மாட்டினால், அதில் கை வைக்காத இன்னொருவர் தனியாகச் சோதித்து இரண்டாவது கையெழுத்து போடுவார். அதிகாரி இந்தச் சங்கிலி அறுபடாமல் பார்க்கிறார். ஷேடோ போர்டில் (ஒவ்வொரு கருவியின் வடிவமும் வரைந்து அதனதன் இடத்தில் மாட்டும் பலகை) ஒரு ஸ்க்ரூட்ரைவரின் இடம் காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று பைலட் நின்றாலும் சரி.

கணக்குப்புள்ளை
மேலதிகாரி வேலையின் உயிர் ஒரு வரைபடம்: எந்த விமானத்துக்கு அடுத்த சர்வீஸ்வரை எத்தனை மணிநேரம் மீதம் என்று காட்டுவது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

ஒரு ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) 8 விமானம், 400 பறப்பு மணிநேரத்துக்கு ஒரு பெரிய சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குப் புரிவதற்கான எண்கள்தான்). அடுத்த சர்வீஸுக்கு மீதமிருக்கும் மணிநேரம் 50, 100, 150 என்று படிக்கட்டாக ஏறி 400 வரை இருக்க வேண்டும். ஸ்குவாட்ரன் மொத்தமாக மாதம் 200 மணிநேரம் பறந்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு விமானம் ஷெட்டுக்கு வரும். சர்வீஸ் இரண்டு மாதத்தில் முடிந்தால் எப்போதும் ஒன்றுதான் உள்ளே, ஏழு வெளியே. அதே சர்வீஸ் நான்கு மாதம் இழுத்தால் இரண்டு உள்ளே.

இந்தப் படிக்கட்டு எப்படிக் குலைகிறது? நன்றாகப் பறக்கும் விமானத்தையே பைலட்டுகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து மூன்று விமானம் ஒரே வாரத்தில் வாசலில் நிற்கும், சர்வீஸ் செய்யும் டாக் (இடம்) ஒன்றுதான் இருக்கும். ஆகவே “இன்றைக்கு அதைத் தொடாதே, 350 மீதமுள்ளதை எடு” என்று காலைக் கூட்டத்தில் சொல்பவர்தான் நல்ல பராமரிப்பு அதிகாரி. அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அடுத்தது உதிரி பாகம். ஷெட்டில் கிடக்கும் விமானத்திலிருந்து பம்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால், புது பம்ப் வந்ததும் பழைய விமானத்தில் மாட்ட வேண்டும். ஒரு கழற்றலும் ஒரு பொருத்தலும் போதுமான இடத்தில் இரண்டிரண்டு. நல்ல யூனியனையும் (குழாய் இணைப்பு) சீலையும் தேவையில்லாமல் தொடுகிறோம், கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். பம்பின் ஆயுள் மணிநேரமும் கூடவே பதிவில் நகர வேண்டும். அது விடுபட்டால் காகிதத்தில் ஆயுள் தெரியாத பொருள். உலோகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயன்படாது.

கடைசியாக ஒப்பந்தம். 2021இல் தயாரிப்பாளரான ஸ்வீடனின் சாப் நிறுவனத்துடனான ஆதரவு ஒப்பந்தம் இல்லாமல் நம் கிரிப்பன் போர் விமானங்கள் நின்றன, 2022இல் புது ஒப்பந்தம் வந்த பிறகே பறந்தன. ஹேங்கரில் எத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தும் என்ன? ஒப்பந்தப் பணத்துக்கான கோப்பை ஓராண்டு முன்னதாக நகர்த்துவதும் கர்னல் வேலைதான். நிற்கும் விமானமும் சும்மா இருப்பதில்லை: சீல் காயும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து அதில் பூஞ்சை வளரும். நாட்காட்டிப்படி வரும் சோதனைகள் பறக்காவிட்டாலும் வந்து நிற்கும்.

இசிப்பிங்கோ மாமா
நன்றி. டர்பன் பேஸிலேயே போஸ்டிங் கிடைத்தால் நல்லது என்கிறாள் அக்கா. கடலோரத்தில் வேலை எளிதா?

உப்புக்காற்று
எளிதில்லை மாமா. பழைய விமான நிலையப் பக்கம் 15ஆம் ஸ்குவாட்ரனின் ஆரிக்ஸ் ஹெலிகாப்டர்கள் நிற்கின்றன. ஆரிக்ஸில் இரண்டு மகிலா எஞ்சின். அலைக்கு மேல் தாழப் பறந்தால் உப்பு நேராக கம்ப்ரஸருக்குள் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பகுதி) போகும். பிளேடில் படிந்து காற்றோட்டத்தைக் கெடுக்கும், அதே சக்திக்கு வெப்பநிலை ஏறும். இன்னும் மோசமானது டர்பைனில்: உப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகி நிக்கல் கலவையைத் தின்னும். போரோஸ்கோப்பில் (எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா) கொப்புளம் மாதிரி தெரியும்போது பிளேடை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அதனால் கழுவுதல் முக்கியம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, இக்னிஷனை அணைத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றிக்கொண்டே தாது நீக்கிய தண்ணீரைத் தெளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதன் தாதுவும் பிளேடில் படியும். எரிபொருள் கட்டுப்பாட்டுக்கும் கேபினுக்கும் போகும் காற்றுக் குழாய்களை மேனுவல் சொல்கிறபடி அடைக்க மறந்தால் தண்ணீர் அங்கே புகும். ஸ்டார்ட்டரை அனுமதித்த விநாடிக்கு மேல் சுழற்றினால் அது கருகும், இடையே ஆறவிட வேண்டும். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு உலர்த்த வேண்டும். சோம்பேறிகள் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

கேசிங்கில் (வெளி உறையில்) மெக்னீசியம் இருந்தால் பெயின்ட் கீறலைக்கூட அன்றைக்கே மூடுங்கள். அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட்டை சீலன்ட் தடவாமல் போட்டால் இடையில் உப்புநீர் புகுந்து பேட்டரி போல வேலை செய்யும், தின்னப்படுவது அலுமினியம்.

டார்க் ரென்ச்
பெண்ணுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, டார்க் ரென்ச் (நட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு வைக்கும் ஸ்பேனர்) நுனியில் நீட்டிப்பு மாட்டினால் முறுக்கு அளவு மாறும். 12 அங்குல ரென்ச், நேராக 3 அங்குல நீட்டிப்பு, தேவை 100 என்றால் ரென்ச்சில் வைக்க வேண்டியது 80. (100ஐ 12ஆல் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும்.) 100 வைத்தால் நட்டில் 125 விழும். நேரே கண்ணால் பார்த்தால் தெரியாது, நட் ஏறியிருக்கும் ஸ்டட் பின்னாளில் முறியும். இதைக் கேட்கத் தெரியாத அதிகாரியை ஹேங்கரில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பின்னால் சிவில் பக்கம் வர வேண்டுமென்றால் பார்ட் 66 லைசென்ஸுக்கு (சிவில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம்) தேர்வும் செய்த வேலைக்கு ஆதாரமும் வேண்டும். ராணுவப் பதவி அதற்கு ஈடாகாது. முதல் நாளிலிருந்தே தனி லாக்புக்: தேதி, விமான வகை, என்ன வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து. மேஜரான பிறகு கையில் வேலை குறைந்துவிடும், அதற்குள் நிரப்பிவிட வேண்டும். கையெழுத்திட வேண்டியவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.