303 துப்பாக்கி பிறந்த ஊர் எது? தேடிப் போனவர்கள் சொல்லுங்கள்

வடலண்டன்வாசி

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கும் போலீஸ் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கும் ‘த்ரீ நாட் த்ரீ’யை (303 என்பது தோட்டாவின் விட்டம், 0.303 அங்குலம்) அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. பெயரிலேயே ஊர் இருக்கிறதே, இதில் தேட என்ன இருக்கிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்த ஊர் எனக்குப் பக்கம் என்பதால் போய்ப் பார்த்தேன்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி என்ஃபீல்டு லாக்கில் இறங்கினால், நிலையத்தை ஒட்டியே ஆர்ட்னன்ஸ் ரோடு. ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிழக்கே நடந்து, படகுகள் கட்டிக் கிடக்கும் கால்வாயைக் கடந்தால் ‘என்ஃபீல்டு ஐலண்டு வில்லேஜ்’. வரிசை வரிசையாக வீடுகள், நிறுத்திவைத்த கார்கள், சைக்கிள் விடும் பிள்ளைகள். ராயல் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி இருந்த மண் இதுதான். 1988இல் மூடினார்கள். பெரிய இயந்திரக்கூடத்தின் செங்கல் முகப்பையும் மணிக்கூண்டையும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே இன்று கடைகளும் அலுவலகங்களும் நடக்கின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். நெப்போலியன் போர்க்காலத்தில் தனியாரிடம் வாங்கிய துப்பாக்கிகளின் தரம் அரசுக்குத் திருப்தியாக இல்லை. அதனால் 1816இல் லீ ஆற்றங்கரையில் (துப்பாக்கிப் பெயரில் உள்ள லீ வேறு) சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். இயந்திரம் சுற்ற ஆற்று நீர் இருந்தது. சற்று மேலே வால்தம் ஆபியில் அரசின் வெடிமருந்து ஆலை. செய்த சரக்கைப் படகில் ஏற்றினால் தேம்ஸ் வழியாக நேரே வுலிச் ஆயுதக்கிடங்கு. 1850களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து, ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்ற அளவுக்குத் துல்லியத்தைக் கொண்டுவந்தார்கள். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா என்று நம் சிப்பாய்கள் கொதித்தார்களே, அது இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய 1853 மாடல் துப்பாக்கிக்கு வந்த தோட்டா.

சரி, 303இன் உயிர் குண்டை ஏற்றிப் பூட்டும் போல்ட்டும், குண்டுகளை அடுக்கும் மேகசினும். இரண்டும் இந்த ஊரில் உருவானவை அல்ல. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் செய்தவை. ஆகவே பிறந்த ஊர் என்று இந்த மணிக்கூண்டைக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. கனடா, அமெரிக்கா பக்கம் யாராவது போயிருக்கிறீர்களா?

ஒன்டாரியோ தமிழன்

அண்ணன் கேட்டது என் பேட்டை. டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் மாகாணத்து லண்டன் நகரையும் தாண்டி, சாத்தம் அருகே பிரிந்தால் வாலஸ்பர்க். வழி நெடுகச் சோளக்காடும் சோயா வயலும்தான். மேடு என்று சொல்ல ஒரு மண்குவியல்கூடக் கண்ணில் படாது. சிடன்ஹம் ஆறு ஊரின் நடுவே நிதானமாகப் போகிறது. கண்ணாடிக்கும் சர்க்கரைக்கும் பேர்போன ஊர். வருகிற விருந்தாளியிடம் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது என்னவோ, 1878இல் லீ தன் துப்பாக்கியை இங்கேதான் செய்து முடித்துச் சுட்டுப் பார்த்தார் என்பது. லீயின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் இங்கே இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். நினைவுப் பலகை உண்டு. துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாத என் மனைவியே அதை நின்று முழுவதும் படித்தார்.

லீயின் கதை துப்பாக்கியைவிடச் சுவையானது. 1831இல் ஸ்காட்லாந்தின் ஹாவிக்கில் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பம் ஒன்டாரியோவின் கால்ட் ஊருக்குக் குடிபெயர்ந்தது. இன்று அது கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. பன்னிரண்டு வயதில் அப்பா கொடுத்த பழைய கைத்துப்பாக்கியை வைத்து ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார், அது சரியாகச் சுடவில்லை. கற்றுக்கொண்ட தொழில் கடிகாரம் பழுதுபார்ப்பது. பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போய், உள்நாட்டுப் போர் நடந்த நேரத்தில் ராணுவத்துக்குக் குறுந்துப்பாக்கி செய்துதர ஒப்பந்தம் பிடித்தார். குழலின் உள்விட்டம் பற்றித் தகராறு வந்து ராணுவம் சரக்கை ஏற்க மறுத்துவிட்டது. வேறொருவர் என்றால் கடிகாரக் கடைக்கே திரும்பியிருப்பார். இவர் திரும்பவில்லை. 1879இல் மேகசினுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்.

என்னைக் கேட்டால் வாலஸ்பர்க்தான். கையில் எடுத்துச் சுட்ட இடம்தானே பிறந்த இடம்?

ஓய்வுபெற்ற ஆர்மரர்

தம்பிமார்களே, ஊர் ஊராக அலைய எனக்கு வயதில்லை. ஆயுதப்படையில் பல வருடம் இந்தத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். அதற்குப் பிறந்த ஊரைக் கேட்டால் அதுவே சொல்லும்.

போல்ட்டின் பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பின்னால் இழுங்கள். மற்ற பல துப்பாக்கிகளில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் போல்ட்டின் முன்பக்கம், குழலின் பின்முனையருகே இருக்கும். இதில் பின்னால் இருக்கின்றன. அதனால் பிடியை அதிகம் திருப்ப வேண்டாம், அதிக தூரம் இழுக்கவும் வேண்டாம். மரக்கட்டை தோளிலிருந்து இறங்காமலே அடுத்த குண்டை ஏற்றிவிடலாம். பத்துக் குண்டு மேகசினும் சேர்ந்துகொண்டால், பழகிய கைக்கு நிமிடத்தில் பதினைந்து குறிபார்த்த சூடு பெரிய காரியமில்லை. முதல் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதுதான் பயிற்சி. இந்த அமைப்பு முழுக்க லீயின் மூளை.

குழல் கதை வேறு. 1888இல் ராணுவம் எடுத்துக்கொண்டபோது இதன் பெயர் லீ-மெட்ஃபோர்டு. மெட்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த ஏழு மேலோட்டமான வரிகள், அதாவது குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள், குழலுக்குள் ஓடின. கரிமருந்துக்கு அது அருமையாக ஒத்துப்போனது. பிறகு கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. அதன் சூட்டில் அந்த மெல்லிய வரிகள் சீக்கிரமே தேய்ந்தன. என்ஃபீல்டுக்காரர்கள் ஆழமாக, சதுர விளிம்போடு ஐந்து வரி வெட்டினார்கள். 1895இல் லீ-என்ஃபீல்டு ஆனது அப்படித்தான். அதாவது பெயரில் என்ஃபீல்டு இடம்பிடித்தது குழலின் உள்பக்கத்துக்காக. குழல் தேய்ந்தால் வண்டிக்கு டயர் மாற்றுவதுபோல் மாற்றிவிடுவோம். போல்ட் ஓடும் பாடியை அப்படி மாற்ற முடியாது. ஆகவே என் ஓட்டும் வாலஸ்பர்க்குக்கே. பாடியில் உள்ள எண்ணும் போல்ட் பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை.

பழைய 303 எங்காவது பார்க்கக் கிடைத்தால், கட்டை பாடியோடு சேரும் இடத்தில் உள்ள இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கிரீடம், கீழே அரசரின் எழுத்துகள், அதன்கீழ் தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, ரகம். இந்தியாவில் செய்தது என்றால் ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ், அரசர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம்) என்று இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் ஏறியிருக்கும். எண்ணெயும் தூசியும் படிந்து எழுத்தே தெரியாதவைதான் அதிகம், பொறுமையாகத் துடைக்க வேண்டும்.

வரலாற்று வாத்தியார்

ஆர்மரர் ஐயாவோடு ஒரு சின்ன மல்லுக்கட்டு. வாலஸ்பர்க்கில் சுட்டது 303 அல்ல. லீயின் ஆரம்பத் துப்பாக்கி பருமனான கரிமருந்துத் தோட்டா போடுவது, மேகசினில் ஐந்து குண்டு. சிறிய விட்டமுள்ள தோட்டா என்ற எண்ணமே சுவிட்சர்லாந்தின் ரூபின் என்ற ராணுவ அதிகாரியின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அதை எடுத்து, மேகசினை எட்டாக்கி, பிறகு பத்தாக்கி, காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவாக 25 அங்குலக் குழலாகக் குறுக்கி, சேற்றிலும் மணலிலும் தாங்கும்படி செய்ததெல்லாம் இங்கிலாந்தில். விதை கனடாவில் விழுந்திருக்கலாம். சிப்பாய் தோளில் ஏறிய துப்பாக்கி என்ஃபீல்டில் பிறந்தது. பெயர் வைத்தவர்கள் அசடர்கள் அல்ல.

இச்சாப்பூர் பெண்

அப்பா இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஹூக்ளி ஆற்றங்கரைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். காலை சைரன் ஊதினால் சியால்டா லைன் ரயிலிலிருந்து ஒரு கூட்டம், குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கூட்டம் என்று கேட்டை நோக்கி சைக்கிள் வெள்ளம். அந்த இடம் கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை ஆயிற்று.

பிறந்த ஊர் என்று நாங்கள் உரிமை கொண்டாட முடியாதுதான். ஆனால் என்ஃபீல்டில் இதைக் கைவிட்ட பிறகும் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். 1962 சீனப் போருக்குப் பிறகு, 303 தோட்டாவுக்குப் பதில் 7.62 மில்லிமீட்டர் தோட்டா போடும்படி உறுதியான எஃகில் அதே லீ அமைப்பைச் செய்தார்கள். 2ஏ1 என்று பெயர், மேகசினில் பன்னிரண்டு குண்டு. பார்த்தால் அச்சு அசல் 303. மேகசினின் அடிப்பக்கம் சதுரமாக இருப்பதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். இந்த ஊரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், வளர்ப்பு வீடு என்றாவது.

திருவொற்றியூர் புல்லட்

துப்பாக்கி தொட்டதில்லை, புல்லட் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவன். பெட்ரோல் டேங்கில் பீரங்கிப் படம் ஏன் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். பர்மிங்ஹாம் பக்கம் ரெடிச் என்ற ஊசி செய்யும் ஊரில் சைக்கிள் கம்பெனி நடத்தியவர்களுக்கு, 1890களில் அண்ணன் சொன்ன அந்த என்ஃபீல்டு தொழிற்சாலைக்குத் துல்லியமான துப்பாக்கி உறுப்புகள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். ‘துப்பாக்கிபோல் செய்தது’ என்பது விளம்பர வாசகம். 1955இல் அது சென்னைக்கு வந்து எங்கள் திருவொற்றியூரில் வேரூன்றியது. ரெடிச் ஆலை மூடியே பல காலம் ஆகிறது. துப்பாக்கித் தொழிற்சாலையும் இல்லை, மோட்டார் சைக்கிள் செய்த ஆங்கிலேயரும் இல்லை, பெயர் மட்டும் நம் தெருவில் தடதடவென்று ஓடுகிறது.

வடலண்டன்வாசி

வாத்தியார் சொன்னதில் நியாயம் உண்டு, ஆனாலும் நான் ஆர்மரர் ஐயா கட்சி. குழலும் தோட்டாவும் அளவும் மாறிக்கொண்டே வந்தன. 7.62 வரை மாறாமல் வந்தது போல்ட்டும் அதைப் பூட்டும் விதமும். அந்தக் கணக்கில் என் வாக்கு வாலஸ்பர்க்குக்கு. என்ஃபீல்டுக்கு வேண்டுமானால் பெயர்சூட்டு விழா நடந்த மண்டபம் என்ற மரியாதை கொடுக்கலாம்.

நியூயார்க் மாநிலத்து நண்பர் ஒருவர் தனியே கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். லீயின் துப்பாக்கியை ஆரம்பத்தில் பெருமளவில் செய்தது ரெமிங்டன், மொஹாக் பள்ளத்தாக்கில் இருக்கும் இலியன் ஊரில். அதற்கு முன்பு கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஷார்ப்ஸ் கம்பெனியோடு பேசி முடித்து வேலை தொடங்கியிருந்தார், அந்தக் கம்பெனி நொடித்துப்போனதால் இலியன். அங்கே போவதென்றால் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம். 2024 மார்ச்சில் அதையும் மூடிவிட்டார்கள். கட்டடத்தை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தால் இங்கே போடுங்கள்.