புதுப்பிப்பு: பைக் கிளட்ச் நழுவல் சரியானது (புதுச்சேரி)

அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை என்று நான் கேட்டிருந்ததற்கு வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கிளட்ச் கேபிளை, லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்குமாறு சரிசெய்தும் பயனில்லை. ஆயிலைச் சந்தேகிக்கச் சொன்ன நண்பரின் கணிப்பே பலித்தது. முந்தைய சர்வீஸில் ஊற்றப்பட்டிருந்தது கார் ஆயில். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட அது, ஆயிலில் மூழ்கியே இயங்கும் பைக் கிளட்சுக்கு ஆகாது. பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ2 தர ஆயிலுக்கு மாறிய பிறகு நழுவல் குறைந்ததே தவிர முற்றிலும் தீரவில்லை என்பதால் கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உராய்வுத் தட்டுகள் கண்ணாடிபோல் மழமழத்திருந்தன. இரும்புத் தட்டுகளில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. புதிய தட்டுகளை ஆயிலில் நன்றாக ஊறவைத்த பிறகே மெக்கானிக் பொருத்தினார். ஸ்பிரிங்குகளையும் மாற்றிவிட்டோம், அவற்றின் விலைக்கு யோசிக்கவே தேவையில்லை.

எதிர்பாராதது ஒன்று: நழுவல் அறவே நின்றாலும், சிக்னலில் நியூட்ரல் விழ மறுத்தது. தட்டுகளைத் தாங்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் காடிகளில் பழைய தட்டுகள் இடித்து உண்டாக்கிய பள்ளங்களில் புதுத் தட்டுகள் சிக்கி, முழுமையாக விலகாததே காரணம். பள்ளம் ஆழமில்லாததால் அரத்தால் லேசாக ராவியதே போதுமானதாயிற்று. ஆழமாக இருந்திருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.