நாணய எழுத்துத் தவறுக்கு ‘அச்சுப்பிழை’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஆங்கிலேய வெள்ளி நாணயங்களில் எழுத்து மாறியிருந்தால் ‘அச்சுப்பிழை’ என்றே எழுதிவருகிறோம். படிப்பவருக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் உண்டா?

*

வணக்கம் ஐயா. தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் காசு அடிக்கும் எஃகு அச்சில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி ‘பஞ்ச்’ (முனையில் எழுத்து உள்ள குத்துளி) கொண்டு குத்தினார்கள். மூன்றாம் வில்லியத்தின் 1696 ஷில்லிங்கில் ‘குலியெல்முஸ்’ (GVLIELMVS, வில்லியம் என்பதன் லத்தீன் வடிவம்) என்ற பெயர் இரண்டாவது எல் இல்லாமல் வந்திருக்கிறது. வி தலைகீழாக விழுந்து, குறுக்குக்கோடு இல்லாத ஏ போல நிற்பதும் உண்டு. இவை பஞ்ச் பிடித்த கையின் தவறு, ‘குத்துப்பிழை’ எனலாம். ‘முத்திரைப்பிழை’ வேண்டாம், நம் பழைய முத்திரை நாணயங்களோடு குழம்பும்.

அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து எழுத்து முழுதாக எழும்பாமல் போவது ‘அச்சடைப்பு’. புழக்கத்தில் தேய்ந்து ஓர் எழுத்து இன்னொன்றாகத் தெரிவது ‘தேய்வுமயக்கம்’.

*

> அச்சடைப்பு

அவசரத்தில் ‘அச்சடிப்பு’ என்று படித்துவிடுவார்கள் அம்மா. கிணறு தூர்ந்தது என்கிறோமே, அதே போல ‘அச்சுத்தூர்வு’ என்றால் என்ன? மற்ற இரண்டும் எனக்குச் சம்மதம். ஆனால் தேய்ந்த காசில் இம்மூன்றையும் பிரித்தறிய முடியாவிட்டால் சொற்கள் இருந்தும் பயனில்லை.

*

அச்சுத்தூர்வு நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

பிரித்தறிய நல்ல எடுத்துக்காட்டு விக்டோரியாவின் 1878 ஆறு பென்ஸ். ‘பிரிட்டானியார்’ (BRITANNIAR) என்ற லத்தீன் சொல்லில் பி (B) இருக்க வேண்டிய இடத்தில் டி (D) விழுந்த அரிய வகை அதில் உண்டு. காசின் குறுக்களவு 19 மி.மீ.தான், பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்துவிட்டுக் காசைத்தான் சுழற்ற வேண்டும். எழுத்தின் உச்சி முதலில் தேயும், அடிவிளிம்பு கடைசிவரை நிற்கும். அதனால் உச்சியை நம்பாமல் அடிவிளிம்பைப் பாருங்கள். பி என்றால் வலப்பக்கம் இடுப்பில் ஒரு குழிவு இருக்கும். டி அதே இடத்தில்தான் அதிகம் புடைத்திருக்கும். ஒப்பிட வேறு காசு தேட வேண்டாம்: அதே பக்கத்தில் ‘டெயி’ (DEI) என்ற சொல்லில் அசல் டி இருக்கிறது. இரண்டையும் ஒரே ஒளியில் படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்.

இடுப்புக் குழிவு இருந்து நடுக்கோடு மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் தூர்வு. அந்த இடம் வழுவழுப்பாக, கரை மழுங்கித் தெரியும். சுற்றியுள்ள எழுத்துகளும் தட்டையாகிப் பளபளத்தால் தேய்வுமயக்கம். பார்ப்பதற்கு முன் காசைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள், இந்த அடையாளங்கள்தான் முதலில் போகும்.

நடுக்கோட்டைச் சுரண்டி விற்பவர்களும் உண்டு. எழுத்தின் வயிற்றுக்குள் இணைகோடாகக் கீறல் தெரியும். இடுப்புக் குழிவையோ அவர்களால் எளிதில் நிரப்ப முடியாது. இது மூன்றிலும் சேராது. ‘சுரண்டுபோலி’ என்று தனியாகப் பட்டியலில் ஏற்றலாமா?